ஓரகத்தியின் கிழங்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு, மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய நாள்களில்தான் தையற்காரி தன் ஓரகத்தியை முதன்முதலில் பார்த்தாள். கொழுந்தன் மணமுடித்து அழைத்து வந்த அந்தப் புதுப்பெண், கைகால் கழுவியதும் நேரே கொல்லைக்குப் போய் உருளைக்கிழங்குப் பாத்தியின் முன்னே நின்றாள். தையற்காரி பூவாளியை உயரத் தூக்கி, இலைகள் நனைய நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இலையில ஊத்தாதீங்க, வேர்ல விடுங்க. இலை ஈரமாவே இருந்தா கருகல் நோய் வந்துரும்."

"வந்த காலோட உபதேசமா?" என்று தையற்காரி சிரித்தாள். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

அந்த ஆண்டே கொல்லையை இரண்டாகப் பிரித்துக் கம்பிவேலி போட்டார்கள். சட்டைக்குக் கழுத்து வெட்டுவதில் தையற்காரியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த ஓரகத்திக்கோ ஊசியில் நூல் கோக்கவும் வராது. ஆனால், அவள் பாத்தியில் விளைந்த கிழங்கு கைக்கு அடங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் சாப்பிடும்போது கணவர், "தம்பி வீட்டுக் கிழங்கு மாவு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லைத் தன் கிழங்குக்காக அவர் வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்பதே அன்றுமுதல் தையற்காரியின் வைராக்கியமாயிற்று.

மூன்றாம் ஆண்டு அவளுடைய செடிகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. அறுவடை நெருங்கிய வேளையில் வானம் மூடிக்கொண்டு தூறல் விடாமல் பெய்தது. ஒரு காலையில் ஓரகத்தி வேலியருகே வந்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். மேலே பழுப்புப் புள்ளி. அடியில் அதைச் சுற்றி வெண்பூஞ்சை.

"என் பக்கம் வந்துருச்சுக்கா. செப்பு மருந்தை முன்னாடியே அடிச்சிருக்கணும், அசந்துட்டேன். தண்டையெல்லாம் அடியோட அறுத்து அப்புறப்படுத்தப் போறேன். கிழங்கு ரெண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே கிடந்து தோல் முத்தட்டும். நீங்களும் அறுத்துடுங்க."

"என் செடி உன் கண்ணை உறுத்துதாக்கும்?"

"செடி இல்லக்கா, நோய்தான் உறுத்துது."

மாலையில் வேலிக்கு அப்பால் வெறும் மண்தான் தெரிந்தது. தையற்காரி கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "பாருங்க, உங்க தம்பி பொண்டாட்டி தோட்டத்துக்கு மொட்டை போட்டுட்டா."

"அவ காரணமில்லாம செய்யமாட்டா" என்றார் அவர். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

அந்த வாரம் முடிவதற்குள் தையற்காரியின் செடிகள் வெந்நீர் பட்டவைபோல் கருகித் தொங்கின. ஓரகத்தியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற ஒரே தவிப்பு அவளுக்கு. ஓரகத்தி கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஈர மண்ணைக் கிளறிக் கிழங்குகளை அவசரமாகத் தோண்டிச் சாக்கில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கிழங்குகள் பார்வைக்குப் பழுதில்லாமலே இருந்தன. ஆனால், கருகிய இலைகளிலிருந்து உதிர்ந்த நோய் அவற்றின் இளந்தோலில் ஒட்டிக்கொண்டு கட்டிலடிக்கும் வந்திருந்தது.

"என்னடி நாத்தம்? எலி கிலி செத்துக்கிடக்கா?" என்று கணவர் சில நாள் கழித்துக் கேட்டார்.

"உங்க மூக்குதான் செத்திருக்கும்" என்றாள். தனியே சாக்கை அவிழ்த்தபோது, கை மணிக்கட்டு வரை கூழில் இறங்கியது.

ஓரகத்தி தன் அறுவடையில் ஒரு கூடை கொண்டுவந்து வைத்தாள். "வச்சுக்கங்கக்கா, எங்களுக்கு மிச்சம் இருக்கு."

'மிச்சம்' என்ற சொல் நகக்கண்ணில் ஊசி ஏறியதுபோல் வலித்தது. கணவருக்கு அதைச் சமைத்துப் போட்டுவிட்டு, தான் வெறும் ரொட்டி தின்றாள். அதன்பின் அந்தப் பாத்திக் கிழங்கை அவள் நாவில் வைத்ததே இல்லை.

அடுத்த பருவத்தில் அவள் நோயில்லா விதைக்கிழங்காகத் தேடி வாங்கினாள். காற்றோட இடைவெளி விட்டு நட்டாள். வேரில் மட்டும் நீர் விட்டாள். தண்டைச் சுற்றி உயர மண் அணைத்தாள். வானம் மூட்டம் போடுமுன்பே செப்பு மருந்து தெளித்தாள். எல்லாம் வேலிக்கு மேலாகக் கள்ளப்பார்வையில் கற்றவை. விளைச்சல் பிறகு பொய்க்கவில்லை. கணவரும், "நல்லாயிருக்கு" என்பார். அந்த 'மாவு மாதிரி' மட்டும் வரவில்லை. அதைச் சொல்லாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

தையற்காரி படுக்கையில் விழுந்தபோது, உடம்பு துடைத்துப் புரட்டிப் போட நாள்தோறும் வந்தவள் ஓரகத்திதான். இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்காத ஒரு பிற்பகலில், தையற்காரி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பாத்திக் கிழங்கு இருக்கா?"

"இருக்குக்கா."

"ஒண்ணு வேகவச்சு எடுத்துட்டு வா. உப்புப் போடாதே. அப்படி அதுல என்னதான் இருக்குன்னு பாத்துடறேன்."