ரெனாந்தே பாலோமார் புரொஃபஷனல் இல்லை

எங்கள் டவுனை ஒட்டிய தாபுனான் கிராமத்தில் கூடைப்பந்துத் திடலும் நெல் காயப்போடும் களமும் ஒன்றுதான். அறுவடை மாதங்களில் ஒரு வளையத்தின் கீழ் மட்டும் ஆட இடமிருக்கும். மறுபாதியில் நெல் பரந்து கிடக்கும். பந்து நெல்லுக்குள் போய்விட்டால், எறிந்தவனே போய்க் கால் தடம் தெரியாமல் கிளறிவிட்டு வர வேண்டும். ரெனாந்தே பாலோமார் ரப்பர் செருப்போடு ஆடக் கற்றது அந்தப் பாதித் திடலில். பதினாறு வயதில் ஆறடி இரண்டங்குலம் வளர்ந்துவிட்டான். சொந்த வீட்டுக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டுதான் போய் வந்தான்.

எங்கள் டவுன் திருவிழாப் போட்டிகளில் ஸ்கோர் மேசை என்னுடையது. அதனால் அவன் ஆட்டம் வளர்ந்ததை ஆரம்பத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். பெரிய வித்தைக்காரன் இல்லை. பந்து எங்கே வந்து விழும் என்பது மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாக அவனுக்குத் தெரியும். அந்தக் கொஞ்சத்துக்காக நகரத்துக் கல்லூரி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. படிப்பு, விடுதி, மூன்று வேளைச் சோறு எல்லாம் ஆட்டத்துக்காக. கல்லூரி முடிந்ததும் மணிலாவுக்குப் போய் இரண்டாம் நிலைப் போட்டிகளில் இரண்டு பருவம் ஆடினான். ஆடினான் என்பதைவிட பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பதே சரி. இருபத்தைந்தாம் வயதில் பெரிய லீகின் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான்.

டிராஃப்ட் அன்று அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். நான்காவது சுற்றில், அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து போன பிறகு, அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தலையில் அணியின் தொப்பியை வைத்துப் படம் பிடித்தார்கள். தேர்ந்தெடுப்பது வேறு, ஒப்பந்தம் போடுவது வேறு. ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தாபுனானில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையிலேயே ஊர் நுழைவில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. "எங்கள் ஊரின் முதல் புரொஃபஷனல் வீரருக்கு வாழ்த்துகள்!" ஊர்த் தலைவரான கப்பித்தான் அர்செனியோவின் படம் அதில் பாதியை அடைத்திருந்தது.

திடலோரம் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கும் எஸ்ட்ரெலிடா, ரெனாந்தேயின் அம்மா, அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாளாம்:

"என் புள்ள எங்க கப்பித்தான்? உங்க பல்லுதான் தெரியுது."

"ஓரத்துல நல்லா பாரு அக்கா. தொப்பி போட்டு நிக்கிறான்ல? ரெண்டு பேரும் ஒரே உயரம் வர்ற மாதிரி அடிக்கச் சொன்னேன்."

"அப்போ அவனை உட்கார வெச்சிட்டீங்களா?"

ரெனாந்தே அணியோடு மூன்று வாரம் பயிற்சி எடுத்தான். பிறகு மேலாளர் தோளில் தட்டி, "கூப்பிடுறோம் தம்பி" என்றார். கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்று கப்பல் துறை வரைக்கும் போனானாம். ஊர் நுழைவில் தொங்கும் தன் முகத்துக்குக் கீழே பையோடு நடந்து போவதை நினைத்ததும் கால் வரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணனின் அறையில் ஒரு மூலையில் தங்கிக்கொண்டான். பெரிய அணிகள் பயிற்சி செய்யும்போது எதிரணி நட்சத்திரம் மாதிரி நின்று இடிபட ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் போனான். மதியச் சாப்பாடு கிடைத்தது.

தாபுனானில் அவன் அம்மா, லீக் ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் அக்கம்பக்கத்தாரை டிவி முன்னால் உட்கார வைத்து, கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தேடினாள். எப்போது டிவியில் வருவாய் என்று போனில் கேட்டாள்.

"முழங்கால் வீங்கியிருக்கும்மா. டாக்டர் இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அந்த முழங்கால் ஒன்றரை வருடம் ஆறவே இல்லை.

முதல் வருடத் திருவிழாவுக்கு வரவில்லை. அடுத்ததற்குக் கப்பித்தான் ஆளனுப்பிக் கூப்பிட்டதால் வந்தான். இறுதிப் போட்டியில் முதல் பந்தைத் தூக்கிப் போடும் சிறப்பு விருந்தினர் அவன். முழங்காலில் கட்டு. லேசாக நொண்டினான். திருவிழா அழகியாகத் தேர்ந்தெடுத்த பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து மார்பில் குறுக்குப் பட்டை போட்டார்கள். அதில் தங்க எழுத்தில் "புரொஃபஷனல்". அவன் கைகளைக் கட்டி அந்த எழுத்துகளை மறைத்தபடியே இருந்தான். பணிவு என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

டவுனின் கூரை போட்ட திடலில் தாபுனானுக்கும் பக்கத்து ஊரான மாலிங்காவுக்கும் ஆட்டம். மாலிங்காவ்காரர்கள் வெளியிலிருந்து இரண்டு மலை மாதிரி ஆட்களைக் கூட்டி வந்து, வாடகைக்கு அறை எடுத்துக் கொடுத்து, உள்ளூர்க்காரர்கள் என்று எழுதியிருந்தார்கள். எல்லா ஊரும் செய்வதுதான். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: புரொஃபஷனல் ஆட்டக்காரன் திருவிழாப் போட்டியில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஆட்டமும் கோப்பையும் எதிரணிக்கு.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் தாபுனான்காரர்கள் இரண்டு பேர் ஃபவுல் நிறைந்து வெளியேறினார்கள். ஒருவன் கணுக்கால் பிசகி விழுந்தான். மாற்று ஆள் இல்லை. நான்கு பேரோடு, ஏழு புள்ளி பின்தங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் மேசை இருண்டது. நிமிர்ந்து பார்த்தால் ரெனாந்தே. பட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.

"மாமா, என் பேரு பட்டியல்ல இருக்கா?"

இருந்தது. தாபுனான் கோச் வருடா வருடம் பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுப்பவர்.

"பேரு இருக்கு தம்பி. ஆனா நீ புரொஃபஷனல் ஆச்சே."

"இல்ல மாமா." குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "நான் ஒப்பந்தமே போடல."

அவன் கண்ணைப் பார்த்தேன். மணியடித்து உள்ளே அனுப்பினேன். முழங்கால் கட்டை அவிழ்த்து மேசைக்கடியில் போட்டுவிட்டு ஓடினான். நொண்டல் இல்லை.

கூட்டம் கூரைத் தகரம் அதிரக் கத்தியது. புண்பட்ட காலோடு, தன் வேலையே போனாலும் போகட்டும் என்று ஊருக்காக இறங்கிவிட்டான் என்று நினைத்தார்கள். இரண்டு புள்ளியில் தாபுனான் வென்றது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். தோளுக்கு மேலே அவன் முகத்தைப் பார்த்தேன். கீழே இறக்கிவிடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் ஆட்டத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே மாலிங்காவ் கோச் டாண்டோய் வந்து ஆட்சேபம் சொல்லிவிட்டார்.

விசாரணை மறுநாள் காலை, திருப்பலி முடிந்ததும், அதே திடலில். தலைமை வகித்தவர் டீச்சர் கொன்சோர்சியா. டவுனில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். தாபுனானில் வெற்றி விருந்துக்குப் பன்றியை நெருப்பில் ஏற்றிவிட்டு எல்லாரும் வந்திருந்தார்கள். எஸ்ட்ரெலிடாவும் ஓரத்தில் அடுப்பு மூட்டியிருந்தாள்.

டாண்டோயின் ஆட்கள் தாபுனான் நுழைவிலிருந்து அந்த ஃப்ளெக்ஸையே அவிழ்த்துக் கொண்டுவந்து தரையில் விரித்தார்கள்.

"டீச்சர், நான் ஒண்ணுமே சொல்லல. அவங்களே எழுதி, அவங்களே தொங்கவிட்டது. படிச்சுப் பாருங்க."

கப்பித்தான் எழுந்தார். "இது வாழ்த்து. வாழ்த்துல நாலு வார்த்தை கூடத்தான் இருக்கும்."

"முதல் புரொஃபஷனல்னு போட்டிருக்கே?"

"போன தேர்தல்ல என்னை ஏழைப் பங்காளன்னுகூடப் போட்டாங்க. கேள்வி கேட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. டாண்டோய் சிரிக்கவில்லை. ரெனாந்தே பக்கம் திரும்பித் தன்மையாகவே பேசினார்.

"தம்பி, உன் மேல எனக்குக் கோபமே இல்ல. ஊர்ப் பாசத்துல இறங்கிட்ட. 'ஆமா, நான் புரொஃபஷனல்தான்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. கோப்பையை நாங்க எடுத்துட்டுப் போறோம். உன் பேருக்கு ஒரு குறையும் வராது."

அவர் அறியாமலே அவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோப்பை போகும், மானம் தப்பும். ஆனால் ராத்திரியெல்லாம் கூத்தாடிய நான்கு பையன்களும் எதிரே தரையில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனின் கீழுதடு முந்தின நாள் முழங்கையடியில் கிழிந்து வீங்கியிருந்தது.

ரெனாந்தே எழுந்தான். ஃப்ளெக்ஸைப் பார்த்தபடியே சொன்னான்:

"நான் புரொஃபஷனல் இல்ல டீச்சர். பேரை எடுத்தாங்க. ஆளை எடுக்கல. ஒரு ஆட்டத்துலகூட ஆடினதில்ல."

கப்பித்தான் முதலில், நல்ல சாமர்த்தியமான பதில் என்று தலையாட்டினார். அப்புறம்தான் அவர் முகம் மாறியது.

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார் டாண்டோய். "கேட்டு உறுதிப்படுத்துங்க."

ரெனாந்தேயின் போனிலேயே அணி அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று யாரோ திருவிழா மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். ஒரு பெண் எடுத்தாள். டீச்சர் பெயரைச் சொன்னார்.

"எந்த பாலோமார்?"

"நீங்க நாலாவது சுற்றுல எடுத்த பையன்."

"நாலாவது சுற்றா? அதுல நாங்க யாரையாவது எடுத்தோமா?"

ஒலிபெருக்கி அதைத் திடல் முழுக்கச் சொன்னது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் தேடினாள். "ஆ, இருக்கு. ஒப்பந்தம் கிடையாது. எப்பவும் இருந்ததில்ல. ஏம்மா, எங்க பேரைச் சொல்லி ஏதாவது ஏமாத்திட்டாரா?"

"இல்லம்மா. நன்றி," என்று டீச்சர் துண்டித்தார்.

எஸ்ட்ரெலிடா எண்ணெயில் கிடந்த வாழைப்பழங்களைத் திருப்பவில்லை. கருகும் வாசனை வந்தது. ரெனாந்தே அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றான். கழுத்து வரை சிவந்திருந்தான். அவ்வளவு உயரமான ஒருவனுக்கு ஒளிய இடம் கிடையாது.

கோப்பை தாபுனானுக்கே என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். கை தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. உதடு கிழிந்த பையன் எழுந்துபோய்க் கோப்பையை வாங்கி, அதை ரெனாந்தேயிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை. "நீங்க ஜெயிச்சதுடா" என்று மட்டும் சொன்னான்.

நான் மேசையை மடக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"ஊருக்காக இறங்கினேன்னு நேத்து எல்லாரும் சொன்னாங்க மாமா. அதுவும் பொய்தான். எனக்கு ஆடணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

விருந்துக்குப் போனானா என்று கேட்டு வைத்தேன். போனான். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். "பசியோட இருந்தா மட்டும் மானம் திரும்பி வருமா? வா." தட்டில் கறியை அள்ளி வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்தவர்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளே பதில் சொன்னாள்: "நேத்து உங்களுக்குக் கோப்பை வாங்கிக் குடுத்துச்சே, அந்த முழங்காலா?"

அந்த வாரமே டாண்டோய் அவன் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று எஸ்ட்ரெலிடா நாற்காலி போட்டாள். அவர் வந்தது வேறு விஷயத்துக்கு.

"அடுத்த மாசம் மலையடிவாரத்துல ஒரு திருவிழா இருக்கு தம்பி. என் அணிக்கு ஆடு, காசு தர்றேன். எந்த ஊர்லயும் உன் மேல எவனும் ஆட்சேபம் சொல்ல முடியாது. புரொஃபஷனல் இல்லைன்னு மைக் போட்டு நிரூபிச்ச ஒரே ஆளு இந்த மாகாணத்துல நீதான்."

அவமதிக்கச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ரெனாந்தே அவரிடம் போய்ச் சம்மதம் சொன்னான். அதிலிருந்து ஒன்பது வருடம் அதுவே அவன் பிழைப்பாக இருந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒவ்வொரு ஊரின் சட்டை. நன்றாகவே ஆடினான். கல்யாணம் செய்தான், வீட்டுக்கு ஓடு வேய்ந்தான்.

எங்கே போனாலும் அவன் கதை அவனுக்கு முன்னால் போய்விடும். ஆட்டம் தொடங்கும் முன் அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அவன் முறை வந்ததும் குரலை உயர்த்துவார்: "நாலாவது சுற்றுல எடுத்து, எடுத்ததையே மறந்துபோன நம்ம ரெனாந்தே பாலோமார்!" கூட்டம் அன்பாகத்தான் சிரிக்கும். மற்றவர்கள் தங்கள் பெயருக்குக் கையசைத்தபடி ஓடி வருவார்கள். அவன் மட்டும் ஒரு முழங்காலில் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருக்கும் ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவான். சிரிப்பு அடங்கிய பிறகே நிமிர்வான்.