சிலிண்டர் பிடிக்காமல் பிள்ளை பெறுவது

மூச்சைப் பற்றி என் கணவருக்குத் தெரியாதது இந்த உலகத்தில் ஒன்றுமில்லை. கொழும்புத்துறையில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டாமல் ஒரே மூச்சில் அடிக்குப் போய் வருவார். இரண்டு நிமிடம் தாங்குவேன் என்பது அவர் கணக்கு. கூடப் போகிறவர்கள் ஒன்றரை என்பார்கள். அந்த அரை நிமிடத்துக்கான வழக்கில் எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சோறு ஆறியிருக்கிறது.

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது கிளினிக்கில் மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார்கள். ஐந்தாறு வயிற்றுக்காரிகள் பாயில் சாய்ந்திருந்தோம். பெரிய ரப்பர் பந்து ஒன்றும் இருந்தது. அதில் ஏறி இருந்து இடுப்பை ஆட்டலாமாம். மூக்கால் இழுத்து, மெழுகுதிரி அணையாமல் ஆடுகிற அளவுக்கு வாயால் மெதுவாக விடச் சொன்னார் மருத்துவமாது. வலி தாங்க முடியாவிட்டால் வாயில் வைத்து இழுக்க, வலியை மட்டுப்படுத்தும் காஸ் சிலிண்டர் இருக்கிறது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செய்து காட்டினேன்.

"உது மூச்சே? உது தேத்தண்ணி ஊதி ஆத்திறது," என்றார் என் ஆள்.

அன்றே என் பயிற்சியை அவர் பொறுப்பெடுத்தார். குசினியில் பேசின் நிறையத் தண்ணீர்; அதற்குள் என் முகம்; தலைக்கு மேலே கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தபடி அவர். "விடாதை, விடாதை, இன்னும் அஞ்சு!" மூக்கில் தண்ணீர் ஏறி நான் இருமினால், "கடலுக்கை எண்டால் நீ இப்ப முடிஞ்சாய்," என்று உற்சாகப்படுத்துவார். கடலுக்குள் பிள்ளை பெறும் யோசனை எனக்கு இருக்கவேயில்லை.

காஸ் விஷயம்தான் அவரை அதிகம் சுட்டது. "சிலிண்டர் இருந்தால் ஆரும் கடலடிக்குத் தாழலாம். என்ரை மனுசி சிலிண்டர் பிடிச்சுப் பெத்தவள் எண்டு துறையிலை ஒருத்தனும் சொல்லக்கூடாது."

என்னுடைய பிரசவ அறைக்குள் துறைக்காரருக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் வீம்பு கொஞ்சம் இருந்தது. ஓம், எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு காலை வலி தொடங்கியது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆண்களை வாசலோடு மறித்துவிட்டார்கள். என்னைச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "இறுக்கிப் பிடி! விடாதை!" போனவர் வந்தவர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

உள்ளே, வலி வரும்போதெல்லாம் பேசினை நினைத்து மூச்சை அடக்கினேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மருத்துவமாது என் கன்னத்தில் தட்டினார்.

"பிள்ளை, ஆர் உமக்கு உப்பிடி மூச்சை அடக்கச் சொன்னது?"

"அவர்."

"அவர் எத்தினை பெத்தவர்?"

சிரிக்க முடியவில்லை. வயிற்றில் கட்டியிருந்த மெஷினில் பிள்ளையின் இதயச் சத்தம் அதுவரை ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அது மெதுவாகத் தொடங்கியது. மருத்துவமாதுவின் முகம் மாறியது. "மூச்சை விடும். உமக்குக் காத்து இல்லாட்டில் பிள்ளைக்கு எங்கையிருந்து வரும்?"

அப்போதுதான் பயந்தேன். துறையாவது, வாக்காவது! காஸ் குழாயை நானே கேட்டு வாங்கினேன். இழுத்தேன், விட்டேன், இழுத்தேன், தேத்தண்ணியை நன்றாகவே ஊதினேன். தலை லேசாகச் சுற்றியது. மெஷினில் பிள்ளையின் சத்தம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

மகள் பிறந்தாள். அழவில்லை.

அவளைப் பக்கத்து மேசைக்குக் கொண்டு போனார்கள். முகத்தில் ஒரு சின்ன மூடியை வைத்து, ஒக்சிஜன் சிலிண்டரில் பூட்டிய ஒரு பையை அமத்தி அமத்திக் காற்றுக் கொடுத்தார்கள். யாரும் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு எண்ணத்தான் தெரியும். இரண்டு மாதமாகப் பழக்கியது அதைத்தானே. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நான் மூச்சு எடுக்கவில்லை. எடுத்தால் அவளுடையதை எடுத்துவிடுவேன் என்ற பைத்தியக்கார நினைப்பு. பேசினுக்குள் ஒருநாளும் தாண்டாத நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அவள் கத்தினாள்.

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். "உம்மிலை பிழை இல்லை," என்றார் மருத்துவமாது. நான் அதை நம்ப நாளெடுத்தது. என் ஆள் மேல் கோபம் போக அதைவிட நாளெடுத்தது.

பார்வையாளர் நேரத்துக்கு அவர் வந்தார். வெளியே கூட்டாளிகளுக்கு வீரக்கதை சொல்லி முடித்த முகம்.

"பாத்தியே, பேசின் வேலை செய்திட்டுது. காஸ் எடுக்கேல்லைத்தானே?"

"எடுத்தனான். உங்கடை மோளும் சிலிண்டர் பிடிச்சவள்," என்றேன். "பிறந்து அழேல்லை. அதிலை பூட்டித்தான் அவளுக்கு மூச்சு வந்தது."

அவர் கட்டிலருகே குனிந்து, அட்டை பிடித்து வெடித்துப்போன விரலை அவள் மூக்கடியில் வைத்தார். அப்படியே நின்றார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. அன்றைக்கு இரண்டு நிமிடம் என்று யார் சொன்னாலும் நான் நம்புவேன்.

"மூச்சை விடுங்கோ," என்றேன். "அவள் எடுக்கிறாள்."