பர்னபாஸ் கொடுத்த கம்பெனி

நம்பாவிட்டால் போங்கள். எவன் எதைச் சொன்னாலும் நானும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் இது என் இரண்டு காதும் கேட்டது. ராத்திரிகூட இல்லை. மண்டை பிளக்கிற பட்டப்பகல்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வேலைக் கம்பெனிக்கு நான் வாட்ச்மேன். வெயில் காலத்தில் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆட்கள் மெஷினில் விரல் வைத்து ‘அவுட்’ போட்டுவிட்டு, தங்குகிற கேம்புக்குப் போய்விடுவார்கள். விரல் வைத்தால் அந்த மெஷின் பொம்பளைக் குரலில் “தேங்க் யூ” என்று சொல்லும். வெல்டர் பர்னபாஸ் மட்டும் ‘அவுட்’ போட்டாலும் போகமாட்டான். கேட் ரூமில் என்னோடுதான் சாப்பாடு.

“தனியா தின்னா சோறு எறங்காது ஓய். ஒரு கம்பெனி வேணும்.”

“ஏன்லே, சம்பளம் தார கம்பெனி பத்தாதோ?”

ஜூலை 9. பாதிச் சோற்றில் அவனுக்கு போன் வந்தது. “சூப்பர்வைசர் கூப்பிடுதாரு. கூரையில என்னமோ ஒட்டணுமாம்” என்று கை கழுவினான். போகிற வழியில் விரல் வைத்து ‘இன்’ போட்டான். “தேங்க் யூ.” மணி 12.47.

ஒன்றேகாலுக்குக் கூரையிலிருந்து விழுந்தான். உயிர் அப்போதே போய்விட்டது.

மறுநாள் முழுக்க அவன் உடலுக்காக ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தேன். சாயங்காலம் சூப்பர்வைசர் கௌஸ் முகைதீன் ஓர் இங்கிலீஷ் பேப்பரோடு வந்தார்.

“சும்மா ஒரு கையெழுத்து பெரியவரே.”

“சும்மான்னா எதுக்கு?”

ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற டெனிஷ் எங்கள் ஊர்க்காரன். அவனிடம் காட்டினேன். வாசித்தவன் முகம் செத்துவிட்டது.

“பிரேக் நேரத்துல அவரு செம்புக் கம்பி திருட ஏறுனாருன்னு எழுதியிருக்கு மாமா. நீங்க பாத்தீங்களாம்.”

பர்னபாஸின் மகள் ரினி ஊரில் நர்சிங் படிக்கிறாள். என் ஒரு கையெழுத்தில் அவள் திருடன் மகள்.

ஜூலை 11. எல்லோரும் போயாயிற்று. கேட் பூட்டு, சாவி என் இடுப்பில். 12.47.

“தேங்க் யூ.”

எட்டிப் பார்த்தேன். மெஷினில் பச்சை விளக்கு. ஆள் இல்லை.

ஜூலை 12. அதே 12.47. மெஷின் கண்ணாடியில் ஒரு விரல் தடம். ஈரம். ஓரத்தில் கரி.

ஜூலை 13. மெஷினுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்தேன். 12.46.

டக்... டக்... சேஃப்டி ஷூ சத்தம்.

என் பக்கத்தில் வந்து நின்றது.

கருகின வெல்டிங் ராடு வாசம்...

“பர்னபாஸா?”

“தேங்க் யூ.”

 நான் ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்?

“உக்காருலே” என்றேன். “கையெழுத்து போடமாட்டேன்.”

பக்கத்து நாற்காலி...

கிரீச்.

வாரக் கடைசியில் கௌஸ் முகைதீன் வந்தார். பேப்பரை அவர் கண் முன்னாலேயே கிழித்தேன்.

“கம்பெனி பேரு கெட்டா உங்க விசா இருக்காது பெரியவரே!”

“கம்பெனி பேரு உம்ம பாடு. எனக்குக் கம்பெனி குடுத்தவன் பேரைக் கெடுக்க விடமாட்டேன்.”

விசாவைக் கேன்சல் செய்தார்கள். செய்யட்டும்.

டெனிஷ் என்னைத் தேடி வந்தான். கையில் மெஷின் ரெக்கார்டு எடுத்த ஒரு தாள்.

“மாமா, அவரு செத்த அன்னைக்கே அவருக்க விரலையும், அன்னைக்குள்ள ரெக்கார்டையும் அழிக்கச் சொன்னாவ. நாந்தான் அழிச்சேன். அந்த விரலை இனி மெஷின் எடுக்காது.”

தாளில் பெயர் இல்லை. 214 என்று பர்னபாஸின் நம்பர் மட்டும். அழித்த ஜூலை 9 இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த 10ம் இருந்தது. பிறகு ஒரு நாள் விடாமல், 12.47, இன்.

தாளை லேபர் ஆபீசில் கொடுத்துவிட்டோம். அங்கிருந்த அதிகாரி ஒன்றுதான் கேட்டார்.

“12.47க்கு இன் போட்ட இந்த ஆள் அதற்குப் பிறகு ஒருநாளும் அவுட் போடவே இல்லையே. இப்போது எங்கே இருக்கிறார்?”