கொக்கட்டிச்சோலையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர்

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. கொழும்பிலிருந்து இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்த முதுகு, இனி ஓரடிகூட வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சமாதானப்படுத்த ஐம்பது ரூபாய்க்குப் பாலில்லாத ஒரு பிளேன்ரீ குடித்தேன். கொக்கட்டிச்சோலையின் பழைய சிவன் கோவிலைப் பார்த்துவிட்டு இரவு ரயிலிலேயே திரும்புவது திட்டம். தூரம் இருபது கிலோமீற்றர் அளவில் இருக்கும். வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள் போய்வர ஐயாயிரம் கேட்டார்கள். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நின்ற ஒருவர் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு என்றார். பேரம் பேசாமலே குறைகிற விலையில் ஏதோ இருக்கும் என்று தெரிந்தும் ஏறினேன்.

அவர் பெயர் யோகன். நாற்பது வயதிருக்கும். கல்லடிப் பாலத்தில் விஷயம் வெளியே வந்தது.

"அண்ணன், கொக்கட்டிச்சோலையில எண்ட தங்கச்சிட மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையாயிட்டாள். தாய்மாமன் நான்தான் தேங்கா உடைக்கணும், தண்ணி வாக்கணும். ஒரு மணித்தியாலம் பொறுத்தா புறகு கோயிலுக்குப் போவம்."

"சாமத்திய வீட்டண்டு ஏன் ஹயர் ஓடுறியள்?"

"உங்களக் காட்டி எழும்பி வரலாம் எண்டுதான். ஹயர் நிக்குது எண்டா ஆரும் மறிக்க மாட்டாங்க."

சொந்தத் தங்கை வீட்டிலிருந்து தப்பி வர அவருக்கு வாடகைச் சவாரி என்று ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் சாக்குக்குத்தான் விலையில் கழிவு.

காத்தான்குடியில் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நின்றன. கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பி மண்முனைப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் வாவி. இறால் வலை போட்டுக்கொண்டு தோணியில் நின்றவர்களைப் பார்த்தபடியே யோகன் மிச்சத்தையும் சொன்னார்.

தங்கையின் கணவர் தவமும் யோகனும் பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளிகள். கல்யாணத்துக்குப் பிறகு மச்சான்மார். மச்சானை மச்சான் கேலி செய்யாவிட்டால்தான் இந்தப் பக்கத்தில் குற்றம். போன வருடம் தவம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கத்தாருக்குப் போனார். நான்கு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் இறங்கியவரைப் பார்த்து, அத்தனை சனத்துக்கு முன்னால் யோகன் கேட்டிருக்கிறார்: "என்ன மச்சான், கத்தாரப் பாத்தியா, இல்ல எயார்போட்டுக்குள்ளயே ஒளிச்சிருந்திட்டு வந்தியா?"

"எல்லாரும் சிரிச்சாங்க அண்ணன். அவனும் சிரிச்சான். அதான் எனக்கு விளங்காமப் போயிட்டு. அண்டையில இருந்து ஒரு பகிடி இல்ல. போனா கதிர போடுறான். சோடா தாறான். சுகமா இருக்கிறீங்களா எண்டு கேக்கிறான்."

அடிபட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"சண்டை பிடிச்சு முடிச்சிருக்கலாமே?"

"சண்ட எண்டா பேசித் தீக்கலாம். மரியாதைக்கு என்ன செய்யிற?"

அன்றைக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்ததும் மச்சான், மச்சாள் முறையானவர்கள் ஒருவர் தலையில் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்காகவே வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார். தவம் ஊற்றாவிட்டால், உறவை வெட்டிவிட்டான் என்று ஊரே தெரிந்துகொள்ளும்.

ஒன்பது மணியளவில் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குப் பின்னால் வெட்டி முடிந்த வட்டை, கண்ணுக்கு எட்டியவரை வெறும் வயல்நிலம். வேலிப் படலையில் ஒல்லியாக, உயரமாக நின்றவர்தான் தவம். "வாங்க, வாங்க. இருங்க," என்று இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார். இரண்டு கிளாஸில் சோடா வந்தது. முன்பின் தெரியாத எனக்குக் கிடைத்த உபசாரம்தான் சொந்த மச்சானுக்கும் கிடைத்தது. யோகன் சொன்னதை நான் அப்போதுதான் முழுவதுமாக நம்பினேன்.

யோகன் தேங்காய் உடைத்தார், தண்ணீர் வார்த்தார். பெண்கள் குரவை போட்டார்கள். பிள்ளையை உள்ளே அழைத்துப் போனதும் முற்றத்தில் ரகளை தொடங்கியது. அரிசி ஆலை வைத்திருக்கும் பருத்த மனிதர் ஒருவரை நான்கு பெண்கள் ஆட்டுக் கொட்டிலைச் சுற்றித் துரத்திப் பிடித்தார்கள். வீடியோக்காரரும் யாருக்கோ மச்சானாம். கமராவுக்குப் பொலித்தீன் சுற்ற அவகாசம் கொடுத்துவிட்டு அவரையும் குளிப்பாட்டினார்கள். எழுதிக் காட்டினால் ஒருவருக்கும் சிரிப்பு வராத பகிடிகள்தான் எல்லாம். ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பகிடி நல்லதா என்பதை யாரும் பார்க்கவில்லை, இன்னார் என்னுடைய ஆள் என்று காட்ட அது போதுமாக இருந்தது.

யோகன் முற்றத்தின் நடுவில், ஒரு சொட்டும் படாமல் நின்றார். தவம் தொடங்கட்டும் என்று மற்றவர்கள் விலகிப் போனார்கள். தவமோ யாருக்கோ வெற்றிலைத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபமே வந்தது. யோகன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் வேலை வந்துவிட்டது என்று எழுந்து, "நேரமாகுது, வெளிக்கிடுவம்," என்று உரக்கச் சொன்னேன்.

அதைக் கேட்டுத்தான் தவம் தட்டை வைத்துவிட்டு ஒரு வாளியோடு வந்தார். மச்சானுக்கு முன்னால் நின்றார்.

"ஊத்தட்டா?" என்று கேட்டார்.

துரத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இந்த விளையாட்டில் யாரும் கேட்டுவிட்டு ஊற்றுவதில்லை. யோகனின் முகம் செத்துவிட்டது. பிறகு, யோசித்துச் சொன்னாரோ வாய் தவறி வந்ததோ, "என்ன மச்சான், கத்தாரில கேட்டுட்டுத்தான் ஊத்துறவங்களோ?" என்றார்.

புண்பட்ட அதே இடத்தில் மறுபடியும் கையை வைத்துவிட்டாரே! தங்கை வாயைப் பொத்திக்கொண்டார்.

தவம் வாளியை உயர்த்தினார். "கத்தாரில ஒண்டும் கேக்க மாட்டானுகள்ரா. என்னைக் கேட்டா பிளேன்ல ஏத்தித் திருப்பி அனுப்பினவனுகள்?" என்று சொல்லி, வாளி முழுவதையும் யோகனின் தலையில் கவிழ்த்தார்.

ஆலைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு முற்றம் முழுவதும் சிரித்தது. முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி தவமும் சிரித்தார். போன வருடம் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. இந்த முறை சிரிக்க அவரே இடம் கொடுத்தார். சிரிக்காமல் நின்றவர் யோகன் மட்டும்தான். மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு, "தெரியாதுடா, இவ்வளவு நொந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியாதுடா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தவம் நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஹயர் நிற்கிறது என்பதை அதன்பிறகு யாரும் மதிக்கவில்லை. சாப்பிட்டு முடிந்தபோது மதியமாகி, கோவில் நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் தரிசனம் கிடைத்தது. மஞ்சள் காய்ந்த சட்டையோடு யோகன் என்னை ரயிலடியில் இறக்கிவிட்டார்.

என்மேல் யாரும் ஒரு துளி தெளிக்கவில்லை. விருந்தாளிக்கு ஊற்றுவது முறையல்ல, அது சரிதான். ஆனாலும் பொறாமையாக இருந்தது. எனக்கும் ஒரு மச்சான் இருக்கிறான், மனைவியின் தம்பி, ரொறன்ரோவில். யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் என் மூக்கை அவன் சும்மா விட்டதில்லை. இப்போது பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறான். கடைசியாக என்னை எப்போது கேலி செய்தான் என்று இரவு ரயில் வெலிக்கந்தை நிலையத்துக்கு வரும்வரை யோசித்தேன். நினைவு வரவில்லை. கைபேசியை எடுத்து, "என்னடா மொட்டை, தலையில ஏதும் மிச்சமிருக்கோ, இல்ல அதையும் பனியில குடுத்திட்டியோ?" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "அத்தான், உங்களுக்கு உடம்புக்கு ஒண்டுமில்லையே?"