யாரும் கேட்காத இடத்தில் சொல்லிப் பார்த்த ஜெபம்

உங்கள் பெரியமாமா ஜெபம் பண்ணினால் ஊரில் அந்த வாரம் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் பார்த்தது அவருடைய வயதான காலத்தை. நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதபோது நடந்தது.

அப்போது கடம்பத்தூரில் நம் சபையார் பத்துப் பன்னிரண்டு குடும்பம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். ஒரு கீர்த்தனை பாடியதும், முந்தின வாரமே சொல்லி வைத்திருந்த ஒருவர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் கடுங்காப்பி. அந்தக் காப்பியின் வெல்ல வாசனை இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியமாமா ஜெபித்தார். மழைக்காக, வியாதியஸ்தருக்காக என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று குரலை ஏற்றினார்.

"ஆண்டவரே, கல்யாணமாகியும் பொறுப்பு வராமல், சினிமாக் கொட்டகை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிற வாலிபரை மீட்டருளும்!"

அந்த வட்டத்தில் சைக்கிள் வைத்திருந்த வாலிபன் நான் ஒருவன்தான். யாரோ செருமினார்கள். தையற்காரர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டது, கண்ணை மூடியிருந்த எனக்கே தெரிந்தது.

நான் சினிமாவுக்குப் போகவில்லை. பஞ்சர் ஒட்டுகிற கடை கொட்டகை வாசலை ஒட்டித்தான் இருந்தது. வண்டியை அங்கே விட்டுவிட்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது சைக்கிளை மட்டும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் அம்மா, "அண்ணங்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே? பஞ்சர்னா பஞ்சர்னு சொல்லுங்க" என்றாள்.

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? அவரு என்னைக் கேட்டாரா? நேரா ஆண்டவர்கிட்ட இல்ல போயிட்டாரு?"

அடுத்த வாரக் கூட்டம் பெரியமாமா வீட்டில். ஜெபிக்க வேண்டியது நான். அது போதாதா? மனசு வேலையை ஆரம்பித்துவிட்டது.

பெரியமாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது. பருப்பு நிறுக்கும்போது அவருடைய கட்டைவிரல் தராசுத் தட்டின் ஓரத்தில் லேசாகப் படிந்திருந்ததை ஒருநாள் நான் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அவர் என்மேல் சொன்னது பொய். என்னிடம் இருந்ததோ நிஜம். "ஆண்டவரே, எங்கள் கைகளை நீர் பார்க்கிறீர். தராசில் விரல் வைக்கிற கைகளைப் பரிசுத்தமாக்கும்!" என்று நான் சொன்னால் போதும். வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அவரிடம் சாமான் வாங்குகிறவர்கள்தான்.

அம்பத்தூருக்கு ரயிலில் போகும்போதும், பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நின்றபோதும் அந்த ஜெபத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தேன். 'விரல் வைக்கிற' என்பதைவிட 'விரல் வைத்துப் பழகிய' என்பது நன்றாக இருக்குமா என்று யோசித்ததில் ஒரு இரும்புத் துண்டை அளவுக்குமேல் கடைந்து பாழாக்கினேன். மேஸ்திரி, "இன்னாப்பா, கண்ணு இங்க கீது, ஆளு எங்க கீற?" என்றார்.

வீட்டிலும் அதே கதைதான். உங்கள் அம்மா கேட்டாள், "யார்கிட்ட பேசிக்கினு சாப்புடறீங்க? வாய் அசையுது, சத்தம் வரல."

"ஜெபம்."

"எங்க அண்ணனப் பத்தியா?"

அவள் சோற்றுப் பானையை மூடிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். உங்களில் மூத்தவள் வயிற்றில் இருந்தாள்.

"எனக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல. தாய் ஊடுன்னா அண்ணன் ஊடுதான். அத்தனை பேர் முன்னால நீங்க ஏதாச்சும் சொல்லிட்டு வந்துட்டா, தலைப்பிரசவத்துக்கு நான் எந்த ஊட்டுக்குப் போறது?"

அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. சும்மா கேட்டாள்.

எண்ணங்களைப் பிடித்து ஆண்டவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று உபதேசியார் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்லுவார். எப்படிப் பிடிப்பது என்று சொன்னதில்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கீர்த்தனை பாடினால் அந்த ராகத்திலேயே தராசு வந்து நின்றது. வேறு எதையாவது நினைக்கலாம் என்றால், சற்று நேரம் போய்விட்டு இன்னும் நல்ல வார்த்தைகளோடு திரும்பி வந்தது. கெட்ட எண்ணம் கெட்ட எண்ணமாகவே வந்தால் அடையாளம் தெரியும், விரட்டலாம். இது ஜெபம் மாதிரி உடுத்திக்கொண்டு அல்லவா வந்தது? பிள்ளைகளே, அதுதான் பெரிய ஆபத்து.

வியாழக்கிழமை ரயிலைவிட்டு இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்து வந்தேன். கரி இஞ்சின் புகை இன்னும் வயலின்மேல் நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. 'ஜெபம்தானே, இங்கேயே ஆண்டவரிடம் சொல்லிவிடுவோம்' என்று தோன்றியது. நின்றேன். கண்ணை மூடி, ஒரு வாரம் செதுக்கிய அந்த ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னேன்.

அதில் ஒரு ருசியும் இல்லை. செருமுவதற்கு ஆள் இல்லை, வாயை மூடிக்கொள்ள முந்தானை இல்லை. கேட்டது ஆண்டவர் மட்டும்தான்; அவருக்கோ அந்த விரல் விஷயம் என்னைவிட முன்னமே தெரியும். இன்னொரு தடவை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வெட்கமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த வார்த்தைகள் ஒருநாளும் ஆண்டவருக்காக எழுதப்பட்டவை இல்லை என்று. நான் இன்றுவரை இந்தச் சோதனையைச் செய்கிறேன். ஒருவரைப் பற்றி ஏதாவது மனசில் ஊறினால், தனியாகப் போய் அதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லிப் பார்ப்பேன். அப்படி ஊறுகிறவற்றில் பாதிக்குமேல், சொல்லி முடிப்பதற்குள்ளேயே உதிர்ந்துவிடும்.

ஆனால் பழக்கப்பட்ட நாக்கு இருக்கிறதே! வெள்ளிக்கிழமை பெரியமாமா வீட்டில் கீர்த்தனை முடிந்து, "மாப்ள, நீதான்" என்று அவர் சொன்னதும், என் வாய் தானாகவே அந்தப் பாடத்தை ஆரம்பித்துவிட்டது.

"ஆண்டவரே, எங்கள் கைகளை நீர் பார்க்கிறீர்…"

அங்கே பல்லைக் கடித்து நிறுத்தினேன். கண்ணைத் திறந்தேன். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், இரண்டு பேரைத் தவிர. உங்கள் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியமாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது பயம். கடையும், அந்த வாடிக்கைக்காரர்களும், அவருடைய நாலு பிள்ளைகளும் அந்தப் பயத்தில் இருந்தார்கள்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். "எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை, ஆண்டவரே. என் மனைவியையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் இந்த வீட்டார் கையில் ஒப்புக்கொடுக்கிறேன். அவர்களுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ளும். ஆமென்."

அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் அத்தனை சின்ன ஜெபத்தை அதற்கு முன்னால் யாரும் பண்ணியதில்லை.

காப்பி குடித்துவிட்டு வெளியே செருப்பு மாட்டும்போது பெரியமாமா பின்னாலேயே வந்தார்.

"இன்னா மாப்ள, சட்டுனு முடிச்சிட்ட?"

"அவ்ளோதான் மச்சான் இருந்துச்சி."

"கைன்னு ஆரம்பிச்ச. நான் வேற இன்னாவோ…" என்று இழுத்தார்.

"சொல்ல வந்தத சொல்லிட்டேன், மச்சான்."

அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் வண்டி கட்டிக்கினு வரேன். தங்கச்சிய இட்டுக்கினு போயிடறேன். இந்த ஒடம்பு வச்சிக்கினு அது இன்னாத்துக்குத் தண்ணி சேந்திக்கினு கெடக்குது?" என்று அதட்டுகிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொன்னபடியே வந்தார். வண்டியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, மேலே புதுப் பாய் போட்டிருந்தார். உங்கள் அம்மா ஏறி உட்கார்ந்தாள். அவர் ஏறவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, "கெட்டியாப் புடிச்சுக்கம்மா" என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சக்கரத்தை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு வாரம் முழுக்க நான் மனசுக்குள் வைத்துச் சண்டை போட்ட ஆள் இவர்தானா என்று பார்த்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.