நாற்பத்தொரு மெயில் முகவரிகள்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்காக ஓர் இணையப் பக்கம் செய்தது நான்தான். கடப்பாக்கத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் அணுபுரம், சென்னை, துபாய் என்று சிதறிவிட்டிருந்தோம். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலேறி செங்கல்பட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை எனக்கு. அதனால் இந்தப் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மெயில் முகவரியைப் போட்டேன். யாரும் யாருக்கும் எழுதலாம் அல்லவா? எல்லாரும் பாராட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதங்களில் குப்பை மெயில்கள் வரத் தொடங்கின. லாட்டரிப் பரிசு, எடை குறைக்கும் பொடி, வெளிநாட்டு வேலை. உலகத்தில் எல்லாருக்கும் வருவதுதானே என்று அழித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். என் பக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவேயில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் போன் செய்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவள் நர்ஸாகி, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற?" என்றுதான் ஆரம்பித்தாள். "அந்தப் பக்கத்துல என் ஐடிய போட்டதுலேர்ந்து ஒரே பேஜாரா கீது. தெனம் குப்பையா வந்துகினே கீது. கடுப்பாகி போன வாரம் மொத்தத்தையும் அழிச்சிட்டேன். என்கூட அப்ளை பண்ணவளுக்கு இன்டர்வியூ லெட்டர் பத்து நாள் முன்னாடியே வந்துட்ச்சாம். எனக்கு வந்ததும் அதோட பூட்ச்சோ இன்னாவோ..."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. காலையிலேயே வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, மாறி மாறி ஏறிக் கடப்பாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "மொதல்ல நாஸ்தா துன்னு" என்றாள். ஒரே தோசையோடு எழுந்துகொண்டேன்.

அவளுடைய லேப்டாப்பைத் திறந்தோம். அழித்த மெயில்கள் முப்பது நாள் வரை குப்பைப் பெட்டியில் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள். 'இன்டர்வியூ' என்று தேடினேன். பொய்யான வேலை அழைப்புகள் பக்கம் பக்கமாக வந்து நின்றன. 'நர்ஸ்' என்று தேடினாலும் அதே கதை. ஒன்றுபோலவே இருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் என் கண் எரிந்தது.

"உன் அப்ளிகேஷன் நம்பர் இருக்காடி?"

பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து வந்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொன்னாள். தட்டினேன். ஒரே ஒரு மெயில் வந்தது.

"தோ, அதான்டி! அதேதான்!"

செவ்வாய்க்கிழமை காலை, வீடியோவில் நேர்காணல். கலந்துகொள்வதாக ஞாயிறு மாலைக்குள் பதில் போட வேண்டும். அன்றைக்குத்தான் ஞாயிறு. அவள் உடனே பதில் எழுதினாள். அவளுடைய பதில் கிடைத்தது என்று மருத்துவமனையிலிருந்து மெயில் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அங்கேயே, அவளுடைய லேப்டாப்பிலேயே, எங்கள் பள்ளிப் பக்கத்திலிருந்து அத்தனை முகவரிகளையும் நீக்கினேன். இணையத்தில் பக்கம் பக்கமாக மேய்ந்து, மெயில் முகவரி கண்ணில் பட்டால் அள்ளிக்கொண்டு போவதற்கென்றே கம்ப்யூட்டர் நிரல்கள் இருப்பதை அந்த வாரம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முகவரியின் நடுவிலுள்ள @ குறியை 'அட்' என்று எழுத்தில் எழுதினால் போதும் என்று முதலில் நினைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிடுகின்றனவாம். முகவரியே இல்லாமல் ஒரு படிவம் வைத்தேன். அதில் எழுதினால் உரியவருக்குப் போய்ச் சேரும், முகவரி மட்டும் வெளியே தெரியாது. படிவத்தையும் நிரல்கள் நிரப்பாமலிருக்க ஒரு கேள்வி சேர்த்தேன்: நம் ஊருக்கு எந்தத் திசையில் கடல்?

நாற்பது பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஏற்கெனவே பறிபோன முகவரிகளைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. சிலர் முகவரியை மாற்றிக்கொண்டார்கள். சோதித்துப் பார்க்க ஒரு புது முகவரி தொடங்கிப் படிவத்தோடு இணைத்துவிட்டு, தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். இரண்டு மாதம் ஆகியும் ஒரு குப்பைகூட வரவில்லை. காலியான பெட்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் தன் புது முகவரியைப் போனில் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

"இத மட்டும் எங்கியும் ஒட்டாத, இன்னா?"

"சத்தியமா ஒட்ட மாட்டேன்டி" என்றேன்.