நாலு என்று கத்தினால் குனியவும்

கோல்ஃப் மைதானத்தில் வேலை என்று சொன்னால், கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரிய ஆக்களோட பழக்கம் போல" என்பார். பெரிய ஆட்கள் எங்கே வந்தார்கள்! லண்டனில், மோர்டனிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில், நகரசபைக் கவுன்சில் நடத்திய மைதானம் அது. மொத்தம் ஒன்பது குழி. அங்கத்துவம் வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைந்த காசுக்கு அரை நாள் விளையாடலாம். வாசலில் இருந்த மரக் கொட்டிலில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்து, பதினாறு வருஷம் டிக்கெட் கொடுத்தவள் நான். ஒருநாளும் பந்தைத் தொட்டு அடித்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வேலை பார்த்த எவருக்கும் என் பாடு விளங்கும். மழை எப்போது விடும் என்று சனம் வானத்தைக் கேட்காது, எங்களைத்தான் கேட்கும்.

வேட்டி

ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடித்த கையோடு ரயிலேறி வந்து சேர்ந்தார் நடராசா அண்ணை. தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கரை வைத்த வேட்டி, கையில் பழைய சாமான் கடையில் வாங்கிய மூன்று கோல்ஃப் தடிகள். விளையாட வேண்டுமாம்.

மேல் ரோட்டில் இருந்த பணக்காரக் கிளப்பில், கொலர் இல்லாத சேர்ட்டைக் கண்டாலே வாசலோடு திருப்பிவிடுவார்கள். எங்கள் சட்டதிட்டத்தில் வேட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்ப, வரிசையில் பின்னால் நின்ற ரொன் எட்டிப் பார்த்தார். ரொன் ஒரு வெள்ளைக்காரர், முன்னாள் பஸ் டிரைவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பாவாடை கட்டின ஸ்கொட்லாந்துக்காரர் கண்டுபிடித்த விளையாட்டு இது. எங்கள் எல்லாரிலும் இவர்தான் சரியான உடுப்பில் வந்திருக்கிறார்."

சோடி சேர்த்தல்

தனியே வருகிறவர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து அனுப்புவதும் என் வேலைதான். முன்பின் தெரியாதவர்களின் பெயர்களைப் பதிவுக் கொப்பியில் ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும், ஒன்பது குழியும் சேர்ந்து நடந்தாக வேண்டும். என் உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ரொனின் மனைவி காலமாகி அப்போது மூன்று மாதம். ஒவ்வொரு நாளும் தனியே வந்து, தனியே விளையாடி, வரிசையில் விட்ட அந்த ஒரு பகிடியைத் தவிர ஒருவரோடும் பேசாமல் போவார். ஒருநாள் துணிந்து அவரையும் நடராசா அண்ணையையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் பயம் பிடித்தது. ரொனின் ஆங்கிலம் எனக்கே பாதிதான் பிடிபடும். அண்ணையின் ஆங்கிலமோ யாழ்ப்பாணத்து மானிப்பாயை விட்டு இன்னும் கப்பல் ஏறவில்லை. இரண்டு மணித்தியாலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொன் நேரே ஜன்னலுக்கு வந்தார். "அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை, மற்றப் பாதி கோல்ஃபைப் பற்றியதில்லை. நாளைக்கும் என்னை அவரோடேயே போடு."

நாலு

அடித்த பந்து ஆள் நிற்கும் பக்கமாகப் போனால் "ஃபோர்!" என்று கத்துவது கோல்ஃப் வழக்கம். கவனம், குனி என்று அர்த்தம். அண்ணை பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் ஆடியவர். வந்த புதிதில் யாரோ பின்னாலிருந்து "ஃபோர்!" என்று கத்த, யாரோ பவுண்டரி அடித்துவிட்டான் என்று நினைத்து, திரும்பி நின்று கை தட்டியிருக்கிறார். பந்து அவருடைய தேத்தண்ணிப் போத்தலை நசுக்கிவிட்டுப் போனது. கொட்டிலுக்கு வந்தவரை இருத்தி, விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப பிள்ளை, ஆறு எண்டு கத்தினா ஆள் முடிஞ்சுது எண்டு அர்த்தமோ?"

கட்டம்

அதற்குப் பிறகு அண்ணை "ஃபோர்" என்று கத்தவே இல்லை. தமிழில் "நாலு!" என்றுதான் கத்துவார். தொண்டையும் பெரிய தொண்டை. ஒரு வருஷத்துக்குள் அந்த மைதானத்தில் நின்ற போலந்துக்காரர், ஜமெய்க்காக்காரர், ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர், எல்லாரும் "நாலு" கேட்டால் தலையைக் குனியப் பழகிவிட்டார்கள்.

பிறகு மைதானத்தை மூடிப் புல்வெளிப் பூங்காவாக விடலாமா என்று பார்க்க, கவுன்சிலிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தார். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். இந்த இடத்தால் சமூகத்துக்கு என்ன பயன் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அவர் ஐந்தாம் குழிப் பக்கம் போகும்போது "நாலு!" என்று சத்தம் கேட்டது. சுற்றி நின்ற பத்துப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் நிமிர்ந்து நின்றது. பந்து காலடியில் வந்து விழுந்தது. ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய், அந்தச் சொல்லின் கதை முழுவதையும் சொன்னேன். சிரித்தார். பிறகு படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதை எழுதுவதற்கு இதில் கட்டம் இல்லையே."

ஆறு

மூடுவதென்று முடிவாகிவிட்டது. எனக்கு வேறு வேலை கிடைத்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இந்த இரண்டு பேரும் இனி எங்கே சந்திப்பார்கள் என்பதுதான் மனதை அரித்தது. பதினொரு வருஷம் சேர்ந்து நடந்தும் ஒருவர் போன் நம்பர் மற்றவரிடம் இல்லை. என்னுடைய கொப்பி இருக்கும்வரை அதற்குத் தேவையும் வரவில்லை.

கடைசி நாள் ஆட்டம் முடிந்ததும் ரொன் வழக்கம்போல ஜன்னலில் கையூன்றி, "நாளைக்கு என்னை யாரோடு போடுகிறாய்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. நான் கொப்பியை மூடினேன். நடராசா அண்ணை ஒரு தடியை நீட்டினார். "வெளியாலை வாரும் பிள்ளை. போக முதல் நீரும் ஒண்டு அடிச்சுப் பாரும்."

அடித்தேன். பந்து முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி, நேரே என் கொட்டிலை நோக்கிப் பறந்தது. "நாலு!" என்று கத்தினார் ரொன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார். மூன்று பேரும் குனிந்தோம். கண்ணாடி கலகலவென்று கொட்டுண்டது. நிமிர்ந்து பார்த்தபோது, பதினாறு வருஷம் நான் இருந்த ஜன்னல் வெறும் ஓட்டையாக நின்றது. அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஆறு."

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு மோர்டன் ஸ்டேஷன் வாசலில் அந்த இரண்டு பேரையும், கடைசி நாள் கேட்டு வாங்கிய நம்பர்களுக்குப் போன் போட்டு, நடப்பதற்குச் சோடி சேர்த்துவிடுகிறேன், கண்ணாடியும் கொப்பியும் சம்பளமும் போன பிறகு என் உத்தியோகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.